பேக்கரின் 21 இறாத்தல் துவக்கு

1840ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்துத் துவக்குத் தொழிலாளி கிப்ஸிடம் 19 வயது இளைஞர் ஒருவர் போய், வழக்கத்தை மீறிய அளவுகளில் ஒரு துவக்கு செய்து தரச் சொன்னார். குழல் 36 அங்குலம். மொத்த எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அதில் 16 இறாத்தல் குழல் மட்டும். ஒரு வெடிக்கு 16 திராம் மருந்து, 3 அவுன்ஸ் ஈயக்குண்டு. ஒற்றைக் குழல்தான், இரட்டையல்ல. ஐந்து வருடம் கழித்து அந்தத் துவக்கு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் பண்ணை போட்டுக் குடியேறி 1855 வரை இங்கே இருந்தவர். பிற்பாடு ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் பேரெடுத்தவரும் இவரே.

வேட்டையாடிய துரைமாரைப் பற்றி நமது மலைநாட்டில் கதைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கதைகளில் பெரும்பாலும் வீரம்தான் இருக்கும், கணக்கு இருக்காது. பேக்கரிடம் கணக்கு இருந்தது. குழல் ஏன் இவ்வளவு நீளம், ஏன் இவ்வளவு கனம் என்ற கேள்விகளில் இரண்டாவதற்கு அவர் வைத்திருந்த பதில் நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து வருவது. அந்தப் பதிலுக்குள் அவர் சேர்க்காமல் விட்ட ஒரு செலவும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் நீளம். துவக்குக் குழலுக்குள் நடப்பது ஓர் அஞ்சலோட்டம் போன்ற காரியமல்ல. குண்டு வாயை விட்டு வெளியேறும் கணம் வரை பின்னாலிருந்து தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு விரிய இடம் தேடுகிறது, அதற்குக் கிடைக்கும் ஒரே வழி குண்டைத் தள்ளிக்கொண்டு முன்னே போவது. குண்டு நகர நகர வாயுவுக்கு இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. முதல் சில அங்குலங்களில் கிடைக்கும் தள்ளல்தான் பெரிது. அதன்பின் ஒவ்வொரு அங்குலமும் முந்தைய அங்குலத்தைவிடக் குறைவாகவே கொடுக்கும். ஒரு கட்டத்தில் வாயு தருவதும் குழலின் உராய்வு பிடுங்குவதும் சமமாகிவிடும். சிறிய .22 ரவைக்கு அந்த இடம் ஏறக்குறைய 16 முதல் 18 அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் குழல் நீண்டால் ரவை வேகமெடுக்காது, சற்றுத் தளரவும் செய்யும்.

அப்படியானால் பேக்கருக்கு 36 அங்குலம் எதற்கு? 16 திராம் என்பது ஓர் அவுன்ஸ், 28 கிராம் கருமருந்து. 3 அவுன்ஸ் ஈயக்குண்டின் விட்டம் சுமார் இரண்டரைச் செண்டிமீட்டர். அவ்வளவு அகலமான குழலுக்குள் அந்த மருந்தைக் கொட்டினால் மருந்து மட்டுமே ஆறு செண்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அது எரிந்து விரிந்து தன் வேலையை முடிக்க அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இடம் வேண்டும். எனவே கேட்க வேண்டியது குழல் எத்தனை அங்குலம் என்பதல்ல, மருந்து பிடித்திருக்கும் இடத்தைப்போலக் குழலில் எத்தனை மடங்கு இடம் மீதி இருக்கிறது என்பதே. கொஞ்ச மருந்துக்குக் குட்டைக் குழல் போதும். ஓர் அவுன்ஸ் கருமருந்துக்கு முக்கால் மீட்டருக்கு மேல் தேவைப்பட்டது.

இனி எடை. இதுதான் சுவையான பகுதி.

குண்டு முன்னே போகும்போது துவக்கு பின்னே வரும். இரண்டின் உந்தமும் சமம். குண்டின் வேகம் வினாடிக்கு 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கனத்த துவக்குகளுக்கு இது பொருந்தக்கூடிய அளவு. 85 கிராம் குண்டை 450ஆல் பெருக்கினால் 38 வருகிறது. ஆனால் வெளியேறுவது குண்டு மட்டுமல்ல. 28 கிராம் மருந்தும் வாயுவாகவும் புகையாகவும் கரித்தூளாகவும் குண்டைவிட வேகமாகப் பாய்ந்து வெளியேறுகிறது. அதையும் சேர்த்தால் உந்தம் ஏறக்குறைய 55. இதை 9.5 கிலோவால் வகுத்தால் துவக்கு வினாடிக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேகத்தில் தோளுக்குள் வருகிறது. சக்தியில் சொன்னால் சுமார் 160 ஜூல்.

இப்போது துவக்கின் எடையைப் பாதியாக்கிப் பாருங்கள். உந்தம் மாறாது, ஏனென்றால் குண்டும் மருந்தும் அதே அளவுதான். ஆனால் துவக்கின் வேகம் இரு மடங்காகும். சக்தி வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. எடை பாதியானாலும் வேகத்தின் இருபடி நான்கு மடங்காவதால் தோளில் விழும் சக்தி இரு மடங்கு, 320 ஜூல். எலும்பு அதைத் தாங்காது. பேக்கர் குழலுக்கு 16 இறாத்தல் இரும்பைக் கொடுத்தது குழல் வெடித்துவிடுமே என்ற பயத்தால் மட்டுமல்ல. அந்த இரும்பு தோளுக்குக் கட்டிய காப்பு.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி. ஆபிரிக்காவுக்குப் போகும்போது லண்டன் ஹொலண்ட் நிறுவனத்தில் இன்னொரு துவக்கு செய்வித்தார். 20 இறாத்தல் எடை, ஆனால் சுடுவது அரை இறாத்தல் வெடிகுண்டு. பழையதைவிடத் துவக்கு ஓர் இறாத்தல் இலேசு, குண்டோ இரண்டரை மடங்குக்கு மேல் பாரம். மருந்தைப் 10 திராமாகக் குறைத்தும் பயனில்லை. சுட்டதும் ஆளைச் சுழற்றிவிடும். அவருடைய ஆட்கள் அதற்குப் பீரங்கியின் பிள்ளை என்ற பொருளில் அரபுப் பெயர் வைத்தார்கள், அவர் ‘பேபி’ என்று செல்லமாக அழைத்தார். தன் துவக்குக்குத் தானே பயந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். யானைக்கு முன்னால் நின்று பயப்படாத மனிதர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேக்கர் இந்த முடிவுகளுக்கு நூலகத்தில் உட்கார்ந்து வந்தவரல்ல என்பதற்கு மின்னேரியா வாவியில் நடந்த சம்பவம் ஒன்று போதும். எருமை ஒன்றைச் சுட்டுச் சுட்டுக் குண்டு தீர்ந்துவிட்டது. எருமை விழவில்லை, அவரைப் பார்த்தபடி நிற்கிறது. சட்டைப்பையில் இருந்த சில்லறைக் காசுகளைத் துணியில் சுற்றிக் குழலுக்குள் திணித்து, எருமை பாய்ந்து வந்தபோது கிட்டத்தில் வைத்துச் சுட்டுத் தப்பினார். கனமான குண்டு, அதைத் தள்ள நிறைய மருந்து, அதைத் தாங்கப் பாரமான துவக்கு என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன. இலங்கையில் அவர் வைத்திருந்த மற்றத் துவக்குகளும் இலேசானவை அல்ல. 2 அவுன்ஸ் குண்டு போடும் நீளக் குழல் துவக்கு 16 இறாத்தல். இரட்டைக் குழல் துவக்குகள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல்.

கூட்டிப் பாருங்கள்: 97 இறாத்தல். ஒரு மனிதன் இதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. தூக்கவும் இல்லை. துவக்குச் சுமக்கவென்று ஆட்கள் இருந்தார்கள். காட்டில் யானையை நெருங்கும்போது துரை ஒன்றைச் சுடுவார், பின்னாலிருந்து அடுத்ததை நீட்டுவார்கள். சேர்க்காமல் விட்ட செலவு என்றது இதைத்தான். பின்னுதையைக் குறைக்க எடையைக் கூட்டுவது இயற்பியலில் சரியான விடை. ஆனால் எடையைத் தேர்ந்தெடுத்தவரும் சுமந்தவரும் வேறு வேறு ஆட்கள். தன் தோளிலேயே நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தால் 21 இறாத்தலுக்கு யார் சம்மதித்திருப்பார்?

கினிகத்தேனைப் பக்கத்துக் காட்டில் இந்தத் துவக்கைக் கொண்டு நடப்பதை எண்ணிப் பார்த்தால் இன்னும் விளங்கும். கித்துல்கலையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையின் இருபுறமும் இன்று தேயிலையும் ரப்பரும் வீட்டுத் தோட்டங்களும். ஆனால் ஓடையோரத்துப் பற்றைக்குள் இறங்கினால் ஐந்தாறு பாகத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொடியும் மூங்கிலும் பின்னிக் கிடக்கும். அங்கே நீளக் குழலை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் திருப்புவதே ஒரு வேலை. அதற்குக் காரணம் எடை மட்டுமல்ல, எடை எங்கே இருக்கிறது என்பதும்தான். மண்வெட்டியைப் பிடியின் நுனியில் பிடித்து வலமும் இடமும் ஆட்டிப் பாருங்கள், பிறகு இரும்பின் அருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். நிறை ஒன்றுதான், கைக்குத் தெரிவது வேறு. சுழற்றும்போது ஒரு நிறை கையிலிருந்து இரு மடங்கு தூரம் போனால் அது காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்கு. குழலின் முன்பக்கத்தில் கூடும் 100 கிராம், பிடியருகே கூடும் 100 கிராமைப்போல இருக்காது.

இதே குணத்தை வேறு கோணத்தில் பார்த்தால் அது நன்மை. முன்பக்கம் கனத்தால் நடுங்கும் கை துவக்கை எளிதில் அசைக்க முடியாது. நிதானமாக நின்று தூரத்து இலக்கைச் சுடுபவர்கள் முன்கனத்தை விரும்புவது இதனால். ஓடும் பன்றியைச் சுடுபவர் விரும்பமாட்டார்.

நீளக் குழல் கூடுதல் குறி தரும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பாதி உண்மை. குழல் நீண்டால் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அந்த இடைவெளி 50 செண்டிமீட்டராக இருக்கும்போது கண் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டர் தொலைவில் குண்டு 20 செண்டிமீட்டர் விலகும். இடைவெளி 70 ஆனால் அதே பிசகு 14 செண்டிமீட்டர்தான். ஆக நீளம் உதவியது கண்ணுக்கு, குண்டுக்கு அல்ல. தொலைநோக்கிக் குறி வந்தபின் அந்த உதவியும் தேவையற்றுப் போனது. குழலின் விறைப்பைப் பொறுத்தவரை குட்டையும் தடிப்புமான குழலே மேல். வெடிக்கும்போது குழல் அதிரும். ஒரே தடிப்பில் நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஒரே நீளத்தில் விட்டம் இரு மடங்கானால் வளைவு பதினாறில் ஒரு பங்கு.

வேடிக்கை என்னவென்றால், பேக்கர் காலத்து இலங்கையில் யானையைத் தூரத்திலிருந்து சுடும் வழக்கமே பெரிதாக இல்லை. மிகவும் நெருங்கி, நெற்றியைக் குறிவைத்துத்தான் சுட்டார்கள். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் இப்படி 1400 யானைகளுக்கு மேல் கொன்றதாக அக்காலத்து இலங்கை அரசாங்க அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த ரொஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. வடக்கில் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் 3500 யானைகளுக்கு அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷிலிங் என்று பரிசு கொடுத்தது. கோப்பிக்காகக் காடு அழிந்துகொண்டிருந்த அதே காலம். இன்று மத்திய மலைகளில் சிவனொளிபாதமலைச் சாரலில் சில யானைகள் மட்டும் மிச்சம். இந்தக் கட்டுரை துவக்கின் இயந்திரவியலைப் பற்றியது என்றாலும், அந்த இயந்திரவியல் எதற்குப் பயன்பட்டது என்பதை மறைத்துவிட்டு எழுத முடியாது.

இனி, துவக்கின் இன்னொரு எதிரியான மழைக்கு வருவோம். கினிகத்தேனைக்கு மேலே வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த ஈரத்தில் பேக்கருடையதைப்போல வாய்வழி மருந்திடும் துவக்கை வைத்திருப்பது பெரும்பாடு. கருமருந்தின் கரி ஈரத்தை உறிஞ்சும். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் உப்பும் கரியுமாகக் குழலிலேயே படியும், புகையாகவும் வெளியேறும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு வைத்தியம் எண்ணெய் அல்ல, கொதிநீர். படிந்தவை பெரும்பாலும் பொட்டாசிய உப்புகள், தண்ணீரில் கரைந்துவிடும். குழலுக்குள் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் கறுப்பாக ஒழுகும், முட்டை அழுகிய நாற்றம் வீசும். கந்தகத்தின் வாடை அது. நீர் தெளியும்வரை ஊற்ற வேண்டும். இரும்பு சூடேறியிருப்பதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். எண்ணெய் தடவுவது அதற்குப் பிறகு. 36 அங்குலக் குழலுக்கு எத்தனை கேத்தல் நீர் பிடித்திருக்கும், அதை யார் காய்ச்சியிருப்பார்கள் என்பதும் சுமந்தவர்கள் கணக்கிலேயே சேரும்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரே தலைமுறைக்குள் மாற்றிய காரியங்கள் இரண்டு. ஒன்று பித்தளைத் தோட்டா. மருந்து, குண்டு, தீப்பொறி மூன்றும் ஒரே உறைக்குள், மழை புகாமல். மற்றது 1880களில் பிரான்சில் பிறந்த புகையில்லா மருந்து. தோட்டா வந்ததால்தான் லீவர் துவக்கு சாத்தியமானது. பிடிக்குக் கீழே விரல்களை நுழைக்கும் வளையம். அதை முன்னே தள்ளினால் வெறும் உறை வெளியே விழும், பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1866 முதல் இதைச் செய்து பெரும் பேர் வாங்கியது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். எனவே லீவர் துவக்கில் குழலின் நீளம் வேகத்தை மட்டுமல்ல, எத்தனை தோட்டா பிடிக்கும் என்பதையும் தீர்மானித்தது. 1873 மாதிரியில் 24 அங்குலக் குழலுக்கு 15, 20 அங்குலத்துக்கு 12. சுடச் சுடக் குழாய் காலியாகும். 15 தோட்டாவின் எடை ஏறக்குறைய 300 கிராம். முன்னே கனத்திருந்த துவக்கு கடைசி வெடிக்குள் வேறு துவக்காகிவிடும். இன்னொரு விசித்திரம்: ஒரே மாதிரியில், ஒரே வெளித்தடிப்பில், பெரிய ரவைக்கான துவக்கு சிறிய ரவைக்கானதைவிட இலேசாக இருக்கும். பெரிய துளை போட்டால் இரும்பு குறையுமே.

தமிழ் நிலத்தில் லீவர் துவக்கைப் பார்க்கக் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் அண்டர்சன் (1910–1974) தளி, ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தை, புலிகளைத் தேடி அலைந்தவர். அவருடைய கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி லீவர் துவக்கு. ஜோன் பிரவுனிங் வடிவமைத்தது. இதில் அடிக்குழாய் கிடையாது, தோட்டாக்கள் பிடிக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் அடுக்கப்படும். அதனால் குழலின் நீளம் தோட்டாவின் எண்ணிக்கையிலிருந்து விடுதலை பெற்றது, சுடச் சுடச் சமநிலை மாறுவதும் நின்றது. வழக்கமான குழல் 24 அங்குலம். எடை எட்டு இறாத்தலுக்குச் சற்று மேல். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இந்த .405தான்.

பேக்கருடையதையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையில் வேதியியல் வளர்ந்தது தெரியும். .405இன் ரவை 19 கிராம், வேகம் வினாடிக்கு 670 மீட்டர். குழல்வாயில் அதன் சக்தி ஏறக்குறைய 4350 ஜூல். பேக்கரின் குண்டுக்கு 8600. சரிபாதி. தோளில் விழுவதைப் பாருங்கள்: .405இன் பின்னுதை சுமார் 40 ஜூல், பேக்கருடையது 160. எடை பாதிக்கும் குறைவு, குழல் ஓர் அடி குட்டை, அப்படியிருந்தும் உதை கால் பங்கு. மாயம் ஒன்றுமில்லை. பின்னுதை உந்தத்தால் வருகிறது, உந்தம் வேகத்தோடு நேராக ஏறும். ரவையின் சக்தியோ வேகத்தின் இருபடியோடு ஏறும். எனவே கனத்த குண்டை மெதுவாகத் தள்ளுவதைவிடச் சிறிய ரவையை வேகமாக அனுப்பினால் அதே சக்திக்குத் தோள் கொடுக்கும் விலை குறைவு. அத்தோடு புகையில்லா மருந்து மூன்றரைக் கிராம்தான். 28 கிராம் கரியும் உப்பும் பின்னுதைக்குத் துணை போவதில்லை. பேக்கருக்கு இந்த வழி மூடியிருந்தது. கருமருந்தால் அந்த வேகத்தைக் கொடுக்கவே முடியாது. அவர் காலத்து மருந்துக்கு அவர் தேர்வு பிழையல்ல.

40 ஜூலும் விளையாட்டல்ல. .405 நன்றாகவே உதைக்கும் என்று சுட்டவர்கள் குறைசொல்வார்கள். ஆனால் அண்டர்சன் தன் துவக்கைத் தானே சுமந்து நடந்தவர், இரவில் மரத்தில் கட்டிய பரணில் அதை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர். இருட்டில் குறிபார்க்கக் குழலோடு டோர்ச் லைட்டையும் பொருத்திக்கொள்வார். முன்பக்கத்தில் கூடும் அந்தப் பற்றரிகளின் எடையையும் கைதான் தாங்க வேண்டும்.

இன்று துவக்கு வாங்குபவர்கள் லீவர் துவக்கில் 16, 20, 24 அங்குலம் என்று யோசிப்பதும் இதே கணக்குதான். புகையில்லா மருந்தில் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 20 அடி போலக் குறையும். 100 மீட்டருக்குள் சுடுபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. குட்டைக் குழலின் உண்மையான விலை சத்தம். வாயு இன்னும் அழுத்தத்தோடு இருக்கும்போதே வெளியே பாய்வதால், சுடுபவரின் காதுக்கு அருகிலேயே அது வெடிக்கும்.

கினிகத்தேனையிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இன்று துவக்கு என்றால் பன்றி தட்டினால் வெடிக்கும்படி இழுகயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்குதான் பேச்சில் வரும். சட்டம் தடுத்திருக்கிறது, இருந்தும் வைக்கிறார்கள். இந்த அளவுகளையெல்லாம் பேசிய பிறகு அதைப் பார்த்தால் அதன் வடிவம் விளங்குகிறது. அதை யாரும் தோளில் வைப்பதில்லை, ஆகவே பின்னுதைக்கு எடை தேவையில்லை. யாரும் குறிபார்ப்பதில்லை, ஆகவே குறிகளுக்கு இடையே நீளம் தேவையில்லை. யாரும் சுமந்து திரிவதுமில்லை. நிலத்திலிருந்து பன்றியின் உயரத்துக்கு அது வைக்கப்படுவதால், கொழுந்து மலைக்கோ விறகுக்கோ போகிறவர் இழுகயிற்றில் தட்டினால் காயம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே விழுகிறது.